இரண்டில் ஒன்று நிற்கும்போது

இரட்டை எஞ்சின் கொண்ட சிறிய விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் ஆற்றலில் பாதி போகிறது. ஆனால் மேலேறும் திறனில் போவது பாதியன்று, ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் என்பதைப் பயிற்சிக்கு வருவோருள் பெரும்பாலோர் தொடக்கத்தில் நம்புவதில்லை. உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் பைப்பர் செமினோல் விமானத்தை எடுத்துக்கொண்டால், தலா 180 குதிரைத்திறன் கொண்ட இரு எஞ்சின்களும் முழு வீச்சில் இயங்கும்போது அது கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 1,200 அடிக்கும் மேல் ஏறுகிறது. ஒன்று நின்றபின், விமானி செய்ய வேண்டிய அனைத்தையும் பிழையின்றிச் செய்து முடித்தாலும், எஞ்சும் ஏற்றம் நிமிடத்துக்கு 200 அடியை ஒட்டியதே. விமானத்தைச் சம உயரத்தில் பறக்கவைப்பதற்கே ஆற்றலின் பெரும்பகுதி செலவாகிவிடுவதால், அதற்கு மேல் மிஞ்சும் ஆற்றல் மட்டுமே அதை உயரே கொண்டுசெல்கிறது. ஓர் எஞ்சின் நிற்கும்போது பறிபோவது பெரும்பாலும் அந்த மிச்சம்தான். இரண்டாவது எஞ்சினை ஒரு மாற்றுக் கையிருப்பாக எண்ணிக்கொண்டு விமான அறைக்குள் வரும் மாணவரிடம் அந்த எண்ணத்தை அகற்றுவதே பயிற்றுநரின் முதல் வேலை என்பது, இத்துறையில் நெடுங்காலம் இருந்த இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

சட்டமும் இதில் விமானிக்குப் பெரிதாகத் துணை நிற்கவில்லை. செமினோல் போன்ற விமானங்கள் உருவான காலத்து அமெரிக்கச் சான்றளிப்பு விதிகளின்படி, 6,000 பவுண்டுக்கு மிகாத எடையும், தரையிறங்கும் நிலையில் 61 நாட் அல்லது அதற்குக் குறைந்த ஸ்டால் வேகமும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) கொண்ட இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சினில் ஏறித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. 5,000 அடி உயரத்தில் அதன் ஏற்ற வீதம் என்ன என்பதைக் கண்டறிந்து கையேட்டில் பதிவுசெய்தால் போதும். அந்த எண் இறக்கமாக இருந்தாலும் விமானத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். பயணிகள் ஏறும் பெரிய விமானங்களுக்கு, ஓர் எஞ்சின் நின்ற நிலையிலும் குறிப்பிட்ட சரிவில் ஏறியே தீரவேண்டும் என்று விதி இருப்பதை அறிந்தவர்கள், சிறிய விமானத்துக்கும் அதுவே பொருந்தும் என்று தாமாக எண்ணிக்கொள்கிறார்கள். பறக்கும் உரிமம் பெற்றுப் பல ஆண்டுகளான விமானிகளிடமும் இந்த எண்ணம் நிலைத்திருப்பதைக் காண முடிகிறது.

இந்தியாவில் இக்கணக்கு மேலும் இறுகுகிறது. காரணம் வெப்பம். காற்று சூடேறும்போது அடர்த்தி குறைவதால், எஞ்சினுக்குள் செல்லும் காற்றும், புரொப்பல்லர் பின்தள்ளும் காற்றும், இறக்கையைத் தாங்கும் காற்றும் ஒருசேர மெலிந்து, விமானம் உண்மையில் இருக்கும் உயரத்தைவிட அதிக உயரத்தில் பறப்பதுபோலவே நடந்துகொள்கிறது. இதை அடர்த்தி உயரம் என்பார்கள். திட்ட வெப்பநிலையைவிடக் கூடும் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 120 அடியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு. கடல் மட்டத்தில் திட்ட வெப்பநிலை 15 பாகை. சென்னை மீனம்பாக்கத்தில் மே மாத நண்பகலில் 40 பாகை என்றால், கடல் மட்டத்தை ஒட்டிய அந்த ஓடுபாதையிலேயே விமானம் 3,000 அடி உயரத்தில் நிற்பதற்கு ஒப்பாகும். இந்திரா காந்தி தேசியப் பறத்தல் கழகம் அமைந்துள்ள உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்ச் கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடி உயரமே. ஆயினும் கோடைப் பிற்பகலில் 42 பாகையைத் தொடும்போது அதன் அடர்த்தி உயரம் 3,500 அடியைத் தாண்டிவிடுகிறது. கிட்டத்தட்ட 3,000 அடியில் இருக்கும் பெங்களூரு ஜக்கூரில் 35 பாகை வெயிலடிக்கும் ஏப்ரல் பிற்பகலுக்குக் கணக்கிட்டால் 6,000 அடிக்கு மேல் வருகிறது. முழு எடையுடன் உள்ள செமினோல் ஓர் எஞ்சினில் நிமிடத்துக்கு 50 அடியாவது ஏறக்கூடிய உச்ச வரம்பு சுமார் 3,800 அடி மட்டுமே என்பதை இவற்றோடு ஒப்பிட்டால், அத்தகைய பிற்பகலில் ஜக்கூர் ஓடுபாதையிலிருந்து எழும் விமானம் ஓர் எஞ்சினை இழந்தால் ஏறாது, இறங்கும் என்பது வானில் கால் வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

இதை வாயால் சொல்வதைவிட மாணவர் கையாலேயே வரையச் செய்வதுதான் பயன் தருகிறது என்பதைக் கட்டுரையாளர் தொழிலின் தொடக்க ஆண்டுகளிலேயே கண்டுகொண்டார். விளக்க அறையில் விமானக் கையேட்டின் ஒற்றை எஞ்சின் ஏற்ற வரைபடத்தை விரித்து, பென்சிலும் அடிக்கோலும் கொடுத்து, வெளியே நிழலில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்துவரச் சொல்லி, அந்த எண்ணிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடும், அதிலிருந்து எடைக்கான பகுதிக்கு இன்னொரு கோடும் இழுக்கச் சொல்வது அவர் வழக்கம். கோடு சுழியத்தைத் தொடும் இடத்துக்கு வந்ததும் மாணவர் பென்சிலை நிறுத்திவிட்டு, எங்கோ தவறு நேர்ந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் முதலிலிருந்து வரைவார். இரண்டாம் முறையும் அதே இடத்துக்கு வந்தபின், "அப்படியென்றால் இன்று ஓர் எஞ்சின் நின்றால் என்ன செய்வது, சார்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி மாணவரிடமிருந்து எழும்வரை பறப்பைத் தொடங்காமல் இருப்பது நல்லது. பின்னர் எரிபொருளில் எவ்வளவு குறைத்தால், அல்லது காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் கோடு எங்கு போய் நிற்கும் என்று அவரே வரைந்து பார்க்கத் தொடங்குகிறார்.

வரைபடம் சொல்வது ஏற்றத்தை மட்டுமே; எஞ்சின் நிற்கும் நொடியில் விமானத்துக்கு முதலில் நேர்வது வேறு. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட்டால் நடக்கும் மாடு வண்டியை நின்ற மாட்டின் பக்கமாகச் சுற்றி இழுப்பதைப் போல, இயங்கும் எஞ்சின் விமானத்தின் மூக்கை நின்ற எஞ்சினின் பக்கமாகத் திருப்புகிறது. மூக்கு திரும்பும்போதே அந்தப் பக்க இறக்கை தாழ்கிறது. அதை உடனே சுக்கானால், அதாவது வாலின் நிமிர்ந்த பரப்பிலுள்ள, கால்மிதியால் இயக்கப்படும் அசையும் பகுதியால், தடுக்காவிட்டால் விமானம் புரண்டு தலைகீழாகிவிடும். தடுப்பதற்குரிய ஆற்றல் சுக்கானுக்கு அதன்மேல் ஓடும் காற்றின் வேகத்தால்தான் கிடைக்கிறது என்பதால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மிதியை முழுவதும் அழுத்தினாலும் மூக்கை நிறுத்த முடிவதில்லை. வேகமானியில் சிவப்புக் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும் அந்த எல்லைதான் குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம். செமினோலில் அது 56 நாட். அதே முகப்பில் நீலக் கோடாக இருப்பது ஓர் எஞ்சினில் மிகச் சிறந்த ஏற்றம் தரும் வேகம். செமினோலில் 88 நாட். இந்த இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் சிறு விமான விபத்துகளுள் பல நிகழ்ந்திருக்கின்றன: விமானம் ஏற மறுக்கிறது, முன்னே மரங்கள் தெரிகின்றன, மூக்கைச் சற்றே தூக்கினால் தாண்டிவிடலாம் என்று கை தானாக இழுக்கிறது, வேகம் நீலத்திலிருந்து சிவப்பை நோக்கிச் சரிகிறது.

சிவப்புக் கோட்டின் எண்ணை மாறாத எல்லையாக எண்ணிவிடக் கூடாது என்பதும் பறந்து பார்த்தபின்தான் பலருக்கு மனத்தில் பதிகிறது. இயங்கும் எஞ்சினின் பக்கமாக 5 பாகை வரை சாய்த்துக்கொண்டு, எடை மையம் பின்னால் இருக்கும் நிலையில் அளந்த வேகம் அது. இறக்கைகளை மட்டமாக வைத்திருந்தாலோ, தவறிப்போய் நின்ற எஞ்சினின் பக்கம் சாய்ந்தாலோ கட்டுப்பாடு அதைவிட அதிக வேகத்திலேயே போய்விடும். ஆகவே மிதியோடு சேர்த்து, இயங்கும் பக்கமாக இரண்டு மூன்று பாகை சாய்வையும், சறுக்கு காட்டும் கருவியின் சிறு குண்டு நடுவிலிருந்து பாதியளவு அதே பக்கமாக விலகி நிற்பதையும் கண்ணுக்குப் பழக்கப்படுத்த வேண்டியிருக்கிறது. எந்த எஞ்சின் நின்றது என்பதிலும் வேறுபாடு உண்டு. பீச்கிராஃப்ட் பேரன் போல, பின்னாலிருந்து பார்த்தால் இரு புரொப்பல்லர்களும் வலஞ்சுழியாகவே சுற்றும் விமானங்களில், மூக்கு உயர்ந்த நிலையில் கீழிறங்கும் வலப்பக்க இலைகளே அதிகம் இழுப்பதால், வலது எஞ்சினின் இழுவிசை உடலின் நடுக்கோட்டிலிருந்து தொலைவாக விழுகிறது. எனவே இடது எஞ்சின் நிற்பதே கூடுதல் ஆபத்து. செமினோலிலும், பைப்பரின் இன்னோர் இரட்டை எஞ்சின் விமானமான செனெக்காவிலும் இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் இந்த வேறுபாடு நீங்கியது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற லாக்ஹீட் பி-38 போர் விமானத்திலோ அவை வெளிப்புறமாகச் சுற்றியதால், எது நின்றாலும் மோசமான எஞ்சினே நின்றதாக ஆயிற்று.

கால் தவறினால் எவ்வளவு விரைவில் முடிந்துவிடுகிறது என்பதற்கு 2019 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து அடிசன் நகரில் நிகழ்ந்த விபத்து சான்று. கிங் ஏர் 350 வகை விமானம் எழும்பும்போது அதன் இடது எஞ்சினின் உந்துவிசை குறைந்தது. விமானி அழுத்த வேண்டியது வலது மிதி. விசாரணையின்படி முதலில் அழுத்தப்பட்டது இடது மிதி. அது திருத்தப்படுவதற்குள் விமானம் மீட்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. அதில் இருந்த பத்துப் பேரும் இறந்தனர். அனுபவமுள்ள விமானிக்கு இது நேர முடியும் என்றால், காலின் வினை சிந்தனைக்குக் காத்திராமல் கண் பார்த்த அளவில் எழவேண்டும் என்பதுதான் பயிற்சியின் மையமாக இருக்க வேண்டும். முன்கண்ணாடி வழியாக மூக்கு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்க மிதி, மூக்கு நிற்கும் அளவுக்கு. அந்த நொடியில் எந்த எஞ்சின் நின்றது என்ற கேள்வியே எழக் கூடாது.

கால் இவ்வளவு விரைவாக இருக்கவேண்டிய இடத்தில், கை அதே அளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பதுதான் கற்பிப்பதற்கு மிகக் கடினமான பகுதி. மூக்கை நிறுத்தியபின் எந்தக் காலுக்கு வேலையில்லையோ அந்தப் பக்க எஞ்சினே நின்றது என்று கொள்வது வழக்கம். கொண்ட பின்னும் உடனே அதை அணைக்காமல், அந்தப் பக்கத்துத் திராட்டிலை (எஞ்சினுக்கு ஆற்றலைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) மெல்லப் பின்னிழுத்து, ஓசையிலும் மூக்கிலும் மாற்றம் ஏதும் இல்லை என்று உறுதிசெய்தபின்பே அடுத்ததைத் தொடவேண்டும். மாணவர் பலர் இந்த வரிசையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, வாய் ஓடும் வேகத்தில் கையையும் ஓடவிடுகிறார்கள். சொல் 'உறுதிசெய்' என்று ஒலிக்கும்போதே விரல்கள் அடுத்த நெம்புகோலில் இருக்கும். இதைத் தடுக்கக் கட்டுரையாளர் கையாண்ட முறை எளியது: நெம்புகோலைத் தொட்டபின் அதன் பக்கத்தை உரக்கச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பயிற்றுநர் தலையசைத்தபின்பே இழுக்க வேண்டும். அந்த ஒரு மூச்சில் உயரம் பெரிதாகக் குறைவதில்லை.

பெரிய விமானங்களிலும் இதே தவறு பேரிழப்பை விளைவித்திருக்கிறது. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737-400 விமானத்தில் இடது எஞ்சினின் விசிறி இலை உடைந்தது. விமானிகள் வலது எஞ்சினை அணைத்தனர். அதைக் குறைத்தபோது தற்செயலாக அதிர்வும் புகையும் தணிந்ததால், தாம் செய்தது சரி என்றே அவர்களுக்குத் தோன்றியது. 47 பேர் இறந்தனர். தைப்பே நகரில் 2015 பிப்ரவரி 4 அன்று ஏடிஆர் 72 விமானம் எழும்பியவுடன் வலது புரொப்பல்லர் தானாக ஓய்ந்த நிலைக்குப் போனது. விமானி இடது எஞ்சினை அணைத்தார். 58 பேரில் 43 பேர் மாண்டனர். சரிபார்ப்பு என்பது சடங்காக முடியாமல், கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தனக்குத் தோன்றிய முடிவையே சந்தேகிக்கும் செயலாக இருக்க வேண்டும் என்பதை இவ்விரு விபத்துகளைப் போல எடுத்துக்காட்டுபவை குறைவு.

நின்ற எஞ்சினின் புரொப்பல்லர் சும்மா இருப்பதில்லை. எதிர்க்காற்று அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க, அது தட்டுப் போன்ற பெருந்தடையாகி விமானத்தைப் பின்னிழுக்கிறது. ஏற்றத்தில் எஞ்சியிருக்கும் அந்தச் சில நூறு அடியை விழுங்க இதுவே போதும். ஆகவே இலைகளைக் காற்றோட்டத்துக்கு விளிம்பு காட்டுமாறு திருப்பி நிறுத்துகிறார்கள். இதற்கு ஃபெதர் செய்தல் என்று பெயர். பிஸ்டன் எஞ்சின் கொண்ட இவ்வகை விமானங்களில் எண்ணெய் அழுத்தம் இலைகளைத் தட்டையாக வைத்திருக்கிறது. புரொப்பல்லர் நெம்புகோலைக் கடைசிவரை இழுத்து அந்த எண்ணெயை வடியவிட்டால், சுருள்வில்லோ அடைத்துவைத்த நைட்ரஜனோ எதிர் எடைகளோடு சேர்ந்து இலைகளைத் திருப்பிவிடுகிறது. எனினும் தரையில் எஞ்சினை நிறுத்தும்போதெல்லாம் இலைகள் திரும்பிவிடாமலிருக்க ஒரு பூட்டு முளை பொருத்தப்பட்டிருக்கிறது. சுழற்சி குறையும்போது அது உள்ளே விழுந்து வழியை அடைத்துவிடும். செமினோலில் சுழற்சி நிமிடத்துக்கு 950க்குக் கீழே போய்விட்டால் அதன்பின் ஃபெதர் செய்யவே இயலாது. எஞ்சின் உள்ளே இறுகிக்கொண்டு வேகமாக நிற்கும் தறுவாயில் இருந்தால், நிதானம் என்று மேலே சொன்னதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மாணவர் உணர்வது இந்த முளையைப் பிரித்த நிலையில் பணிமனையில் கண்ணால் பார்த்தபின்தான். பராமரிப்புப் பணிமனைக்கு மாணவரை அழைத்துச் செல்லாத பள்ளிகள் பெரிய வாய்ப்பொன்றை இழக்கின்றன.

ஒருமுறை உயரத்தில் பயிற்சிக்காக முழுதும் நிறுத்தி ஃபெதர் செய்த எஞ்சின், திரும்ப இயக்கும்போது இயங்க மறுத்தது. இலைகள் திரும்பவில்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் முனகியதோடு சரி. பயிற்சி என்று தொடங்கியது உண்மையாகிவிட்டது என்பதை மாணவர் உணர்ந்தபோது அவர் முகத்தில் வந்த மாற்றம் கட்டுரையாளருக்கு இன்றும் நினைவிருக்கிறது. கீழே கடற்கரையை ஒட்டிய நீண்ட ஓடுபாதை இருந்ததும், காலை நேரமாக இருந்ததும் அன்றைய நற்பேறு. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவே அணுகி, ஓடுபாதையை எட்டுவது உறுதியான பின்பே சக்கரங்களை இறக்கி, முழு ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகையை) கடைசிவரை தள்ளிவைத்துத் தரையிறங்கினார்கள். ஓர் எஞ்சினில் சக்கரமும் ஃபிளாப்பும் இறங்கியபின் மீண்டும் மேலேறிச் சுற்றிவருவது இவ்விமானங்களுக்கு நடைமுறையில் இயலாத செயல். எனவே ஓர் உயரத்தைத் தீர்மானித்துக்கொண்டு, அதற்குக் கீழே போனபின் ஓடுபாதையில் மாடு குறுக்கே வந்தாலும் தரையில்தான் ஒதுங்க வேண்டும், வானில் அல்ல என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு: சமநிலைக்காகச் சுக்கானின் டிரிம் எனப்படும் சிறு திருத்தச் சக்கரத்தை ஒரு பக்கமாகச் சுற்றி வைத்திருந்தால், தரையை நெருங்கித் திராட்டிலை மூடும்போது இழுவிசை மறைந்து, அந்தத் திருத்தமே மூக்கை மறுபக்கம் தள்ளும். தரைக்குச் சில அடி மேலே இதைச் சந்திக்காதிருக்க, இறுதி அணுகலிலேயே டிரிமை நடுவுக்குக் கொண்டுவந்து காலால் தாங்கிக்கொள்வது நல்லது.

பயிற்சி முறை கடந்த சில பத்தாண்டுகளில் மாறியிருக்கும் அளவு சாதாரணமானதன்று. முன்பெல்லாம் எழும்பிய உடனேயே, ஓடுபாதை முடிவதற்குள் பயிற்றுநர் ஓர் எஞ்சினை உண்மையாகவே நிறுத்திக் காட்டுவதும், குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகத்தைத் தாழ்வான உயரத்தில் செய்துகாட்டுவதும் திறமையாகக் கருதப்பட்டன. உண்மையான செயலிழப்பில் இறந்தவர்களோடு, செயலிழப்புப் பயிற்சியில் இறந்தவர்களும் அக்காலத்தில் கணிசமாக இருந்தனர். அதன் விளைவாக, வேண்டுமென்றே ஓர் எஞ்சினை நிறுத்துவதற்கான குறைந்தபட்சப் பாதுகாப்பு வேகம் என்ற ஒன்று கையேடுகளில் சேர்ந்தது. செமினோலில் அது 82 நாட். தாழ்வான உயரத்தில் எரிபொருளை அடைக்காமல் திராட்டிலை மட்டும் குறைப்பதும், நின்ற நிலைக்கு ஒப்பான சுழிய உந்துவிசையில் எஞ்சினை ஓடவிட்டுப் பயிற்சி தருவதும் வழக்கமாயின. கட்டுப்பாட்டு வேகச் செய்முறை பல ஆயிரம் அடி உயரத்துக்குப் போனது. அங்கே இன்னொரு பொறி காத்திருந்தது: உயரம் கூடக் கூட எஞ்சினின் ஆற்றல் குறைந்து கட்டுப்பாட்டு வேகமும் இறங்கிக்கொண்டே வர, ஸ்டால் வேகம் மட்டும் மாறாமல் இருப்பதால், மூக்கு திரும்புவதற்கு முன் இறக்கை ஸ்டாலாகி, ஒரு பக்க உந்துவிசையோடு விமானம் சுழன்று விழும் நிலை உருவாகும். சிறிய இரட்டை எஞ்சின் விமானங்கள் இத்தகைய சுழல்வீழ்ச்சியிலிருந்து மீள்வதற்கென்று சோதிக்கப்பட்டவை அல்ல. ஆகவே அறிந்த பயிற்றுநர்கள் தம் காலால் சுக்கான் மிதி செல்லும் தூரத்தைக் குறைத்துப் பிடித்து, அதிக வேகத்திலேயே கட்டுப்பாடு போவதுபோல் காட்டுகிறார்கள்.

இப்போது இவற்றுள் பெரும்பகுதி சிமுலேட்டருக்குள் நடக்கிறது. அங்கே நூறடி உயரத்தில் எஞ்சினை நிறுத்தலாம், தவறவிட்டால் விமானத்தை மீண்டும் ஓடுபாதையின் தொடக்கத்தில் வைக்கலாம் என்பது உயிர்களைக் காத்த முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் சாதாரணச் சிமுலேட்டர்களில் மிதியின் எதிர்விசை உண்மையைவிட இலகுவாக இருப்பதையும், ஒரு கால் சில நிமிடங்கள் தொடர்ந்து தாங்கும்போது தொடை நடுங்கத் தொடங்குவதை அவை கற்பிப்பதில்லை என்பதையும் கட்டுரையாளர் கவனித்திருக்கிறார். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

விமானங்களும் மாறின. செனெக்காவின் நடுமேடையில் திராட்டில், புரொப்பல்லர், எரிபொருள் கலவை என எஞ்சினுக்கு மூன்றாக ஆறு நெம்புகோல்கள் நிற்கும். டயமண்ட் டிஏ42 விமானத்திலோ எஞ்சினுக்கு ஒன்றுதான். ஜெட் எரிபொருளில் ஓடும் அதன் டீசல் எஞ்சின்களைக் கணினி ஆள்வதால், நின்ற எஞ்சினின் முதன்மைச் சுவிட்சை அணைத்தாலே புரொப்பல்லர் தானாக ஃபெதர் ஆகிவிடுகிறது. தவறான நெம்புகோலை இழுக்கும் ஆபத்து இதனால் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஆபத்து இடம் மாறியது. 2007 மார்ச் 4 அன்று ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் மின்கலம் வடிந்துபோயிருந்த டிஏ42 ஒன்று வெளி மின்சாரத்தால் இயக்கப்பட்டுக் கிளம்பியது. எழும்பியபின் சக்கரங்களை உள்ளிழுத்தபோது மின்னழுத்தம் சரிந்து, எஞ்சின் கணினிகள் செயலிழந்து, இரு எஞ்சின்களும் ஒரே நேரத்தில் நின்றன. எஞ்சின்கள் இரண்டாக இருந்தாலும் அவை பகிர்ந்துகொள்ளும் ஒரு பொருள் போனால் இரண்டும் போகும் என்பது அதற்குப் பின் யாருக்கும் விளக்க வேண்டியிராத உண்மையாயிற்று. கணினிகளுக்குத் தனி மின்கலம் கட்டாயமாக்கப்பட்டது.

இரண்டு எஞ்சின்களும் பகிர்ந்துகொள்ளும் பொருள்களுள் முதன்மையானது எரிபொருள். புகழ்பெற்ற அமெரிக்க விமானி பாப் ஹூவரின் ஷ்ரைக் கமாண்டர் விமானத்தில், ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோலுக்குப் பதிலாக ஜெட் எரிபொருள் நிரப்பப்பட்டதால், எழும்பியபின் இரு எஞ்சின்களும் நின்றன. அவர் தம் திறத்தால் உயிர்ச்சேதமின்றி இறக்கினார். நிரப்பிய இளைஞரை அவர் கடிந்துகொள்ளவில்லை, அடுத்த விமானத்துக்கும் அவரையே நிரப்பச் சொன்னார் என்பதும், ஜெட் எரிபொருள் குழாயின் வாய் பெட்ரோல் தொட்டியின் துளைக்குள் நுழையாதபடி அகலமாக அமைக்கப்பட்ட முனைக்கு அவர் பெயர் வழங்குகிறது என்பதும் இத்தொழிலில் அனைவரும் அறிந்தவை. மழைக்காலத்தில் இரவு முழுதும் வெளியில் நின்ற விமானத்தின் தொட்டிகளிலிருந்து கண்ணாடிக் குவளையில் எரிபொருளை வடித்து, நீலநிறத்துக்கு அடியில் நிறமற்ற நீர்க்குமிழ் தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை, அவசரம் காரணமாகத் தவிர்த்த விமானியை இக்கட்டுரையாளர் அன்று பறக்க விட்டதில்லை.

எஞ்சின் முழுதாக நிற்பதைவிடப் பாதியாக நிற்பதே அதிகம் ஏமாற்றுகிறது. ஓசை ஏறி இறங்கும், மூக்கு ஒரு பக்கம் போய்த் திரும்பி வரும், கருவிகள் ஒன்றோடொன்று முரண்படும். சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் விமானி எதையும் முடிவு செய்யாமல் காத்திருப்பார். 2014 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் விச்சிட்டாவில் இடது எஞ்சினின் ஆற்றல் குறைந்த கிங் ஏர் விமானம் கட்டடமொன்றில் மோதி, விமானியும் கட்டடத்துள் இருந்த மூவரும் இறந்தபோது, சக்கரங்கள் இறங்கியபடியே இருந்தன, புரொப்பல்லர் ஃபெதர் செய்யப்பட்டிருக்கவில்லை. எஞ்சின் குறையே இல்லாமலும் அதே தோற்றம் எழலாம்: 2017 பிப்ரவரி 21 அன்று மெல்போர்னின் எசண்டன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய கிங் ஏர் விமானத்தில் சுக்கானின் டிரிம் இடக்கோடி வரை திருப்பப்பட்டிருந்தது, மூக்கு இடது பக்கம் ஓட, சில நொடிகளில் அது வணிக வளாகத்தின்மேல் விழுந்து அதில் இருந்த ஐவரும் இறந்தனர். செக்லிஸ்ட்டில் டிரிம் என்ற சொல்லைப் படித்துவிட்டுப் போகாமல், அந்தச் சக்கரத்தைக் கையால் தொட்டு நடுவில் இருப்பதைக் கண்ணால் காண்பது ஒரு நொடி வேலை.

இவை அனைத்தையும் தாண்டி விமானியைக் காப்பது, ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்கும்போது அவர் உரக்கச் சொல்லும் முடிவுதான். தரையில் இருக்கும்போது நின்றால் இரண்டு திராட்டிலையும் மூடி நிறுத்துவது. எழும்பியபின், சக்கரங்கள் இறங்கியிருந்து முன்னே ஓடுபாதை மிச்சமிருந்தால், மீண்டும் மூடி அதிலேயே இறங்குவது. அதைத் தாண்டிவிட்டால் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறுவது. இன்றைய வெப்பத்தில் ஏறாது என்று வரைபடம் சொல்லியிருந்தால், இயங்கும் எஞ்சினையும் குறைத்து, இறக்கைகளை மட்டமாக வைத்து, எதிரே தெரியும் வயலில் இறங்குவது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல விமானிகள் தயங்குகிறார்கள், ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைத் தாமே மூடுவது தோல்வியாகத் தோன்றுகிறது. ஆனால் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, மட்டமாக வயலைத் தொட்ட விமானங்களிலிருந்து மனிதர்கள் நடந்து வெளியே வந்திருக்கிறார்கள். புரண்டு விழுந்தவற்றிலிருந்து வந்தவர்கள் மிகச் சிலரே. தரையில் நிதானமாக எடுத்த முடிவு அந்த நொடியில் நினைவாக மட்டுமே வேண்டப்படுகிறது; வானில் புதிதாக எடுக்கவேண்டிய முடிவுக்கு அங்கே நேரம் இருப்பதில்லை.

நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்காக இரட்டை எஞ்சினில் சில மணி நேரம் பறந்தவர்களுள் பலர் நேரே பெரிய ஜெட் விமானங்களுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் அவர்கள் திறன் சோதிக்கப்படுகிறது. வாடகை விமானமாகவும் அளவைப் பணிக்கும் சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களை ஓட்டிக்கொண்டிருப்போருக்கும் அதே அளவு பயிற்சியை அவற்றின் உரிமையாளர்கள் தம் செலவில் தரவேண்டும். மே மாத நண்பகலில் முழு எடையுடன் கிளம்பும்படி விமானியை நெருக்க வேண்டாம். எரிபொருளைக் குறைக்கவோ, ஒரு பயணியை இறக்கவோ, காலை வரை காத்திருக்கவோ அவர் கேட்டால், அந்த வரைபடத்தை அவர் வரைந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று நம்பி அதற்கு இசையுங்கள்.